தராசில் தண்ணீர்க் கழிவு: சரியும் தப்பும் ஆளுக்கு ஆள் மாறுமா?

தம்பி, போன ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது நீ கேட்டதற்கு அங்கேயே இரண்டு வசனம் சொல்லி அனுப்பியிருக்கலாம். மனசு வரவில்லை. உனக்குக் கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, மழையும் பிடித்துக்கொண்டது, அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுமையாகப் படி.

நீ கேட்டதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். உன் ஆபீஸில் போலி மெடிக்கல் பில் கொடுத்துப் பணம் எடுப்பது எல்லோரும் செய்கிற காரியம், அங்கே அதை யாரும் திருட்டு என்று நினைப்பதில்லை, நீ மட்டும் கொடுக்காமல் இருந்தால் உன்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அதிலிருந்து கேள்வி பெரிதாகிவிட்டது. ஒரு ஊரில் சரி என்பது இன்னொரு ஊரில் தப்பு, நேற்று தப்பு என்றது இன்று சரி, இப்படி மாறிக்கொண்டே இருக்கிற விஷயத்தில் எல்லோருக்கும் எல்லாக் காலத்துக்கும் ஒரே அளவு என்று நாம் பைபிளைத் தூக்கிப் பிடிப்பது வெறும் பிடிவாதம் இல்லையா? "அவங்கவங்க மனசாட்சிக்கு எது சரியோ அதுதானே அங்கிள் சரி?" என்று முடித்தாய்.

இல்லை தம்பி, அது சரி இல்லை. ஏன் என்பதை நான் படித்ததிலிருந்து ஆரம்பிக்காமல், நான் செய்த ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1986-இல் எனக்கு 22 வயது. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைக் கொழுந்து ஏஜெண்டிடம் எடை போடுகிற வேலை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் பறித்துக் கொண்டுவரும் பச்சை இலை மூட்டையைத் தொங்கு தராசில் மாட்டி, எடையை நோட்டில் எழுதி, ஃபேக்டரி லாரியில் ஏற்ற வேண்டும். சாக்குக்கு ஒரு கிலோ கழிப்போம், அது நியாயம். மழையில் நனைந்த இலைக்குத் தண்ணீர்க் கழிவு என்று மூட்டைக்கு இரண்டு மூன்று கிலோ பிடிப்போம், அதுவும் நியாயம்தான், இலைக்குத்தானே காசு. ஆனால் அதே கழிவை ஜனவரியிலும் பிடித்தோம். உறைபனியில் புல்லெல்லாம் கருகி, மதியம் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாமல் வெயில் அடிக்கிற ஜனவரியில் தண்ணீர்க் கழிவு மூன்று கிலோ. வேலைக்குச் சேர்ந்த அன்றே எனக்குச் சொல்லிவிட்டார்கள்: இந்த ரூட்டில் இதுதான் வழக்கம், எல்லா ஏஜெண்டும் பிடிக்கிறான், நாம் பிடிக்காவிட்டால் நமக்குத்தான் நஷ்டம்.

ஒரு நாள் ஓர் அம்மாள், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், தலைச்சுமையாகக் கொண்டுவந்த மூட்டையை இறக்கிவிட்டு, நான் நோட்டில் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெயில் காயுதே தம்பி, இதுல எங்க இருக்கு தண்ணி?" என்றார். "எல்லா இடத்துலயும் இப்படித்தாம்மா" என்றேன். "எல்லா இடத்துலயும் பண்ணா சரியாயிடுமா?" என்று கேட்டுவிட்டுக் காலிச் சாக்கை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு அடுத்த மூட்டைக்கும் அதே மூன்று கிலோவைத்தான் கழித்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பல வருஷம் கழித்துதான் அந்த இரண்டு கேள்விகளையும் யோசித்துப் பார்த்தேன். அந்த அம்மாள் "என் அபிப்பிராயம் வேறு தம்பி" என்று சொல்லவில்லை. "எங்கள் குடும்பத்தில் வேறு வழக்கம்" என்றும் சொல்லவில்லை. எனக்கும் அவருக்கும் ஏஜெண்டுக்கும் மேலே ஒரு நியாயம் இருக்கிறது, அது எனக்கும் தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் பேசினார். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. நான் சொன்ன பதில் இருக்கிறதே, "எல்லா இடத்திலும் இப்படித்தான்", அதுதான் உன் ஆபீஸ் பதில். அதைக் கல்லூரி பாஷையில் சொன்னால் சார்புவாதம்: நன்மை தீமை என்று தனியாக எதுவும் இல்லை, அந்தந்தக் கூட்டம் ஒத்துக்கொண்டதுதான் நன்மை. கேட்கப் பெருந்தன்மையாக இருக்கும். ஆனால் அளவு ஆளுக்கு ஆள் மாறலாம் என்றால் அதனால் லாபம் யாருக்கு என்று பார். தராசு என் கையில் இருந்தது. மூட்டை மட்டும்தான் அந்த அம்மாளுடையது. "வெவ்வேறான நிறைகற்கள் கர்த்தருக்கு அருவருப்பானவைகள், கள்ளத்தராசு நல்லதல்ல" என்று நீதிமொழிகள் 20:23 சொல்வதை ஏதோ கடைக்காரனுக்குச் சொன்ன அறிவுரை என்றுதான் முன்பு நினைத்தேன். இப்போது அது இந்தக் கேள்விக்கே சொன்ன பதில் என்று நினைக்கிறேன்.

சரி, ஊருக்கு ஊர் வழக்கம் மாறுகிறதே என்றாய். மாறுகிறது, யார் இல்லை என்றது? இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. கிறிஸ்துவுக்குச் சுமார் நானூற்றைம்பது வருஷம் முந்தி வாழ்ந்த கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு சம்பவம் எழுதுகிறார். பாரசீக ராஜா தரியு தன் அரண்மனையில் இருந்த கிரேக்கர்களைக் கூப்பிட்டு, எவ்வளவு பணம் கொடுத்தால் செத்துப்போன தகப்பனைச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டாராம். எவ்வளவு கொடுத்தாலும் மாட்டோம் என்றார்கள். அப்புறம் இந்தியாவிலிருந்து வந்த ஒரு கூட்டத்தாரைக் கூப்பிட்டார், அவர்கள் தகப்பன் செத்தால் உடலைச் சாப்பிடுகிறவர்களாம், எவ்வளவு கொடுத்தால் எரிப்பீர்கள் என்று கேட்டார். அவர்கள் அலறி, அப்படிப் பேசவே வேண்டாம் என்றார்கள். வழக்கம்தான் எல்லாவற்றுக்கும் ராஜா என்று ஹெரோடோட்டஸ் முடிக்கிறார். சார்புவாதம் பேசுகிறவர்கள் இன்றுவரை எடுத்துக்காட்டுகிற கதை இது.

நான் அதை வேறு மாதிரி படிக்கிறேன். அந்த இரண்டு கூட்டமும் எதில் ஒத்துப்போகிறது பார்: தகப்பனுடைய உடலுக்கு மரியாதை செய்ய வேண்டும், காசுக்காக அதை அவமதிக்கக் கூடாது. எப்படி மரியாதை செய்வது என்பதில்தான் சண்டை. இதற்குப் பாரசீகம்வரை போக வேண்டாம், நம் மலையிலேயே இருக்கிறது. தோடர்களுக்கு ஒரு சாவுச் சடங்கு, கோத்தர்களுக்கு ஒன்று, படகர்களுக்கு ஒன்று, நாம் பெட்டியில் வைத்துப் பாட்டுப் பாடி அடக்கம் பண்ணுகிறோம். பெற்றவரை நாய்க்குப் போடலாம் என்று சொல்கிற ஊர் நீலகிரியில் எங்கே இருக்கிறது?

படகர்களுடைய பழைய சாவுச் சடங்கில் ஒரு பகுதியை நீ அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இறந்தவர் செய்திருக்கக்கூடிய பாவங்களை ஒரு பெரியவர் ஒவ்வொன்றாகச் சொல்வார், சுற்றி நிற்கிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் அது பாவம் என்று குரல் கொடுப்பார்கள். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் வெளியான எட்கர் தர்ஸ்டனுடைய தொகுப்பில் அந்தப் பட்டியல் பதிவாகியிருக்கிறது. எல்லைக்கல்லைப் பிடுங்கி நட்டது, பசித்தவனுக்குச் சோறு போடாதது, குளிரில் விறைத்துப்போனவனுக்கு நெருப்புக் கொடுக்காதது, பொய் சொன்னது. இந்த மலைக்கு மிஷனரி வருவதற்கு முந்தியே இங்கே வாழ்ந்த ஜனங்கள் அவர்கள். இப்போது உபாகமம் 27-ஆம் அதிகாரத்தைத் திறந்து பார். "பிறனுடைய எல்லைக்குறியை ஒற்றிப்போடுகிறவன் சபிக்கப்பட்டவன்" என்று லேவியர் சொல்ல, ஜனங்களெல்லாரும் ஆமென் என்று சொல்ல வேண்டும். அங்கேயும் ஒருவர் சொல்கிறார், கூட்டம் குரல் கொடுக்கிறது, அங்கேயும் எல்லைக்கல். கானானுக்கும் நீலகிரிக்கும் என்ன போக்குவரத்து இருந்தது? பவுல் ரோமர் 2-இல் எழுதியதை முதல் தடவை நான் நம்பத் தொடங்கியது இதைப் படித்தபோதுதான். வேதம் கையில் இல்லாத ஜனங்களுக்கும் நியாயப்பிரமாணத்துக்கேற்ற கிரியை இருதயத்தில் எழுதியிருக்கிறது, அவர்கள் மனச்சாட்சியும் கூடச் சாட்சியிடுகிறது என்கிறாரே, அது. அதனால்தான் கடவுளை நம்பாத உன் நண்பன் நல்லவனாக இருப்பதைப் பார்த்து எனக்கு எந்த அதிர்ச்சியும் இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் எழுதியிருந்தும் மனிதன் மீறுகிறான், அதுவும் கூட்டமாகச் சேர்ந்து மீறுகிறான். இங்கேதான் சார்புவாதம் நம்மைக் கைவிட்டுவிடும்.

நம் சபையில் பாதி வீட்டுக் கதையைச் சொல்கிறேன், உன் தாத்தாவிடமே கேட்டிருப்பாய். 1948-இல் இலங்கை நாடாளுமன்றம் ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே காடு வெட்டி, தேயிலை நட்டு, கொழுந்து பறித்த நம் ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் அந்தச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். ஓட்டும் போனது. 1964-இல், நான் பிறந்த வருஷம், சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசாங்கமும் ஆட்களைப் பங்கு பிரித்தார்கள், எங்கே போக விருப்பம் என்று தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருந்தவனை முன்கூட்டி யாரும் கேட்கவில்லை. எனக்குப் பத்து வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இறங்கி, அப்புறம் கோத்தகிரி. என் பாட்டி சாகும்வரை "நாங்க என்ன தப்பு பண்ணினோம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த 1948 சட்டம் கள்ளத்தனமாக வந்தது இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் முறைப்படி ஓட்டெடுத்து நிறைவேற்றியது. சமுதாயம் ஒத்துக்கொண்டதுதான் நியாயம் என்றால், அந்த நாட்டின் பெரும்பான்மை ஒத்துக்கொண்டுவிட்டது, விஷயம் முடிந்தது. என் பாட்டி கேட்டது நியாயமான கேள்வியே ஆகாது, சிறுபான்மையின் வருத்தம், அவ்வளவுதான். இலங்கைத் தமிழ்த் தலைவர் செல்வநாயகம் இந்த மலையகத் தமிழர் விஷயத்தில் தன் கட்சியையே விட்டு வெளியே வந்து 1949-இல் தமிழரசுக் கட்சியை ஆரம்பித்தாரே, அவரும் ஒரு கிறிஸ்தவர்தான், அவர் செய்ததும் வெறும் தனி ரசனை என்றாகிவிடும். உன்னால் அப்படிச் சொல்ல முடியுமா? என்னால் முடியாது. ஒரு சட்டத்தைப் பார்த்து "இது அநியாயம்" என்று சொல்கிற அந்த நிமிஷத்திலேயே, சட்டத்துக்கும் ஓட்டுக்கும் மேலே ஓர் அளவு இருக்கிறது என்று நீ ஒத்துக்கொண்டாய்.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துப் பார். அதற்கு ஒரு வருஷம் முந்தி, 1947-இல், ஐ.நா. மனித உரிமைப் பிரகடனம் தயாராகிக்கொண்டிருந்தபோது அமெரிக்க மானுடவியல் சங்கம் ஓர் அறிக்கை அனுப்பியது. நெறிமுறைகள் அந்தந்தக் கலாசாரத்தைச் சார்ந்தவை, ஒரு கலாசாரத்தின் அளவை உலகத்துக்கெல்லாம் பொதுவாக வைக்க முடியாது என்பது அதன் சாரம். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் தன் வழக்கத்தையெல்லாம் நாகரிகம் என்று சொல்லி மற்ற ஜனங்களை நசுக்கினதைப் பார்த்து வெறுத்துப்போய்ச் சொன்னார்கள். அந்தக் கோபம் நியாயமான கோபம், நம் மிஷனரிகளில் சிலரும் ஐரோப்பியப் பழக்கத்தையும் சுவிசேஷத்தையும் ஒரே பெட்டியில் போட்டுத்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்தக் கோபத்துக்கே ஆதாரம் என்ன? வலியவன் எளியவனை நசுக்குவது எங்கேயும் தப்பு என்பதுதானே? அதே சங்கம் 1999-இல் மனித உரிமைகளை ஆதரித்து வேறு பிரகடனம் வெளியிட்டது. 1948 டிசம்பர் 10-ஆம் தேதி வந்த ஐ.நா. பிரகடனத்தின் 15-ஆவது பிரிவு, ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை பெற உரிமை உண்டு என்கிறது. என் பாட்டிக்கு அது தெரியாது. தெரியாமலேயே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதுவரை நான் மற்றவர்களைத்தான் சொன்னேன். நம்மைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நாம் உலகத்தில் யாருக்கும் குறைவில்லாத சார்புவாதிகள், சாதி விஷயத்தில். தரங்கம்பாடி, தஞ்சாவூர் காலத்து மிஷனரிகள் பலர் கோயிலில் சாதிக்கு ஓர் இடம் என்று உட்கார்ந்ததைச் சகித்துக்கொண்டார்கள். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார், சாதி வேறுபாட்டை உறுதியாக, உடனடியாக, முடிவாகக் கைவிட வேண்டும் என்று. என்ன நடந்தது தெரியுமா? தஞ்சாவூரிலும் சென்னையிலும் நிறையப் பேர் கோயிலைவிட்டு வெளியே போனார்கள். அவர்கள் சொன்ன காரணத்தைக் கவனி: இது மதம் சம்பந்தப்பட்டது இல்லை, எங்கள் தேசத்து வழக்கம், உங்கள் நாட்டில் பிரபு, கூலிக்காரன் என்று இல்லையா, அந்த மாதிரி. வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் அவர்கள், கர்த்தருடைய வார்த்தை மாறாதது என்று பாடினவர்கள். தங்கள் சௌகரியத்தில் கை வைத்தவுடன் "எங்கள் ஊர் வழக்கம்" என்றார்கள். இன்றைக்கும் தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருக்கிற ஊர்கள் இருக்கின்றன. வரதட்சணையை "செய்முறை" என்று பெயர் மாற்றி வாங்கிக்கொண்டு, அதே வீட்டு ஹாலில் ஜெபக்கூட்டம் வைக்கிறோம். மாறாத நெறி ஒன்று உண்டு என்று நம்புகிறவன் முதலில் தானே அந்தத் தராசில் ஏறி நிற்க வேண்டும். நம்மில் பலருக்கு அதைக் கையில் பிடித்து மற்றவர்களை நிறுப்பதில்தான் ஆசை. உங்கள் வயதுப் பிள்ளைகள் நம் பேச்சை நம்பாமல் போனதற்கு டார்வினும் நீட்சேயும் காரணம் என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய காரணமாகத் தெரிகிறது.

அப்படியானால் அந்த அளவு எங்கே இருக்கிறது? இதற்கு எடைபோட்டவனாகவே பதில் சொல்கிறேன். 1889 முதல் உலகத்துக்கே ஒரு கிலோ என்பது பாரிஸ் பக்கத்தில் செவ்ர் என்ற இடத்தில் கண்ணாடிக்குள் வைத்திருந்த பிளாட்டினம்–இரிடியம் உருளை ஒன்றின் எடைதான். அதற்குப் பிரதிகள் செய்து நாடுகளுக்குக் கொடுத்தார்கள். பல வருஷம் கழித்து ஒப்பிட்டுப் பார்த்தபோது மூலத்துக்கும் பிரதிகளுக்கும் சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்திருந்தது. மூலம் குறைந்ததா, பிரதிகள் கூடினதா, எப்படிச் சொல்வது? மூலம்தானே அளவு. அதனால் 2019 மே 20 முதல் அந்த உருளையை விட்டுவிட்டு, இயற்கையில் மாறாத ஒன்றை, பிளாங்க் மாறிலியை, வைத்துக் கிலோவை வரையறுத்தார்கள். மனிதன் செய்த எந்தப் பொருளும் அளவாக நிற்காது, மாறாத ஒன்றில்தான் கட்ட வேண்டும் என்று ஒரு கிலோ விஷயத்திலேயே தெரிந்துவிட்டது. நன்மை தீமைக்கு மட்டும் மனிதனுடைய சம்மதம் போதும் என்றால் எப்படி? நாங்கள் நம்புவது, அந்த அளவு கர்த்தருடைய சுபாவம். "நான் கர்த்தர் நான் மாறாதவர்" என்று மல்கியாவில் சொல்லியிருக்கிறது. அவர் நினைத்தபடி சட்டம் போட்டுவிட்டார், நாளைக்குக் கொலையை நன்மை என்று மாற்றிவிடுவார் என்பது இல்லை. அவர் எப்படிப்பட்டவரோ அதுதான் நன்மை. அதனால்தான் ஆபிரகாம் அவரிடமே துணிந்து, "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று கேட்க முடிந்தது.

மனசாட்சி என்றாயே, அதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. பவுல் மனச்சாட்சியைச் சாட்சி என்கிறார், அளவு என்று சொல்லவில்லை. கடைத் தராசு மாதிரி அது. நாள்பட்டால் தேயும், வேண்டுமென்றே வளைக்கவும் செய்யலாம். அதனால்தான் கடைக்காரன் காலாகாலத்தில் எடைக்கல்லை முத்திரை ஆய்வாளரிடம் காட்டி முத்திரை வைத்து வாங்க வேண்டும். நீதிமொழிகள் 11:1 "சுமுத்திரையான நிறைகல்" என்று சொல்வதும் அதுதான். நான் எடைபோட்ட அந்த நாட்களில் முதல் மாதம் உறுத்தியது, மூன்றாவது மாதம் உறுத்தவில்லை. தப்பு மாறவில்லை, என் கல்தான் தேய்ந்துவிட்டது.

கஷ்டமான கேள்வி ஒன்று இருக்கிறது, நீ கேட்காவிட்டாலும் உன் நண்பர்கள் கேட்பார்கள். ஓர் உயிரைக் காப்பாற்றப் பொய் சொல்லலாமா? "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்று வள்ளுவர் சொல்கிறார். அதை 1886-இல் ஆங்கிலத்தில் கொண்டுபோன ஜி.யு. போப் இதே ஊட்டியில் பள்ளி நடத்தியவர், அவரும் இந்த இடத்தில் நின்று யோசித்திருப்பார் என்று எனக்கு ஓர் எண்ணம். வேதத்திலும் ராகாப் வேவுகாரரை மறைத்துவைத்துப் பொய் சொன்னாள், எபிரெய மருத்துவச்சிகள் பார்வோனை ஏமாற்றிப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். எதற்காகவும் பொய் சொல்லவே கூடாது என்றார் அகஸ்டின். பெரிய கடமையும் சின்னக் கடமையும் மோதும்போது பெரியதைச் செய்வதே கீழ்ப்படிதல் என்று சொல்கிற நல்ல இறையியலாளர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். நியாயப்பிரமாணத்தில் விசேஷித்தவைகள் என்று சில உண்டு என்று இயேசுவே சொன்னாரே, நீதியும் இரக்கமும் விசுவாசமும். ஆனால் இந்த விவாதம் முழுவதும் உண்மையும் உயிரும் நிஜமாகவே மதிப்புள்ளவை என்று வைத்துக்கொண்டு நடப்பது. இரண்டுமே வெறும் வழக்கம் என்றால் ராகாபுக்கு என்ன நெருக்கடி? அப்புறம், மெடிக்கல் பில் யாருடைய உயிரையும் காப்பாற்றவில்லை.

இதற்கு நேர் எதிரான தப்பும் ஒன்று இருக்கிறது, நம் ஆட்கள் அதில்தான் அதிகம் விழுகிறார்கள். எல்லாவற்றையும் மாறாத சட்டம் ஆக்கிவிடுவது. பொட்டு வைக்கலாமா, பூ வைக்கலாமா, நகை போட்டால் பரலோகம் உண்டா, தாலி கட்டலாமா மோதிரம் மட்டும் போதுமா, வெள்ளைச் சேலைதான் உடுத்த வேண்டுமா, இதற்கெல்லாம் சபை உடைந்திருக்கிறது. ரோமர் 14-ஐ எழுதின பவுல் சாப்பாட்டையும் நாள் பார்ப்பதையும் "அவனவன் தன்தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்" என்று விட்டுவிட்டார். நீ சொன்ன "அவரவர் மனசாட்சி" அங்கே பொருந்தும். இதையெல்லாம் கல்வெட்டாக்கி வைத்துவிட்டு, தராசிலும் சாதியிலும் கண்ணை மூடிக்கொண்டால் எல்லாம் தலைகீழ்.

எது மாறாது? கொலை, களவு, பொய்ச்சாட்சி, விபசாரம், ஏழையை ஒடுக்குவது. ஆணும் பெண்ணுமாகப் படைத்து, இருவரும் ஒரே மாம்சம் என்று சொன்னது இயேசு, அதனால் திருமண விஷயத்தில் காலம் எப்படி மாறினாலும் நாங்கள் அங்கேதான் நிற்போம், அதற்காக யாரையும் வெறுக்க எங்களுக்கு அனுமதி இல்லை. கருவில் இருக்கிற பிள்ளை விஷயத்திலும் அப்படித்தான், "என் கருவை உம்முடைய கண்கள் கண்டது" என்ற சங்கீதத்தை நம்புகிறவனால் அதை ஒரு கட்டி மாதிரி நினைக்க முடியாது. அவரவர் விருப்பம் என்று பேசுகிறவர்கள்கூட, பெண் என்று தெரிந்து கருவைக் கலைத்தார்கள் என்றால் கொதிக்கிறார்கள். அதைத் தடுக்க 1994-இல் சட்டமே வந்தது. அந்தக் கொதிப்பு சரியானது. அது எங்கிருந்து வருகிறது என்று அவர்களிடம் அன்பாகக் கேள், சண்டைக்காகக் கேட்காதே.

நியாயாதிபதிகள் புத்தகத்தின் கடைசி வசனம் உனக்குத் தெரியும், "அவனவன் தன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்துவந்தான்". வாலிபர் கூட்டத்தில் அந்த வசனத்தை மட்டும் படிக்கிறோம், 19-ஆம் அதிகாரத்தைப் படிப்பதில்லை. ஊரே சேர்ந்து ஒரு பெண்ணை இரவெல்லாம் சீரழிக்கிறது, விடியும்போது அவள் வாசற்படியில் கைவைத்தபடி விழுந்து கிடக்கிறாள். அவரவர் பார்வைக்குச் சரிப்போனபடி நடந்த தேசத்தில் விலை கொடுத்தது அவள். ஒரு தடவை முழுசாகப் படி.

இப்போது உன் பில் விஷயம். கொடுக்காதே. ஏற்கெனவே கொடுத்திருந்தால், கேட்டபோது உன் முகத்தைப் பார்த்ததில் அப்படித்தான் தோன்றியது, அந்தப் பணத்தைக் கணக்குப் பார்த்துத் திருப்பிவிடு. அநியாயமாக வாங்கினதை வேதத்தில் வரி வசூலிக்கிற சகேயு நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பினான், நீ ஒரு மடங்காவது கொடு. ஆபீஸில் மற்றவர்களுக்குப் பிரசங்கம் பண்ணப் போகாதே, முதலில் இதை முடி. வேலைக்குச் சிக்கல் வருமென்று பயமாக இருந்தால் வா, சேர்ந்து யோசிப்போம்.

நான் அந்த வேலையை விட்டது அடுத்த வருஷம். பல வருஷம் கழித்து, ஒரு லெந்து நாட்களில், பழைய நோட்டைத் தேடி எடுத்து, மழை இல்லாத மாதங்களில் பிடித்த கழிவை ஆள்வாரியாகக் கூட்டினேன். சிலர் இறந்துவிட்டார்கள், சிலர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். அந்த அம்மாள் அதே வீட்டில்தான் இருந்தார். விஷயத்தைச் சொல்லிப் பணத்தை நீட்டினேன். அழுவார், வேண்டாம் என்பார், ஏதாவது வசனம் சொல்வார் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் அந்தக் கணக்கு நோட்டை வாங்கி, பேத்தியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி, விரல்விட்டு எண்ணினார். "ரெண்டாவது ஜனவரிய விட்டுட்டியே, 12 ரூபா குறையுது" என்றார். குறைந்துதான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். வாங்கிச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு, டீ குடிக்கிறாயா என்று கேட்டார்.